டயலொக் எழுத முதல் கொஞ்சம் ஒட்டுக்கேளுங்க

ஷோர்ட் பிலிமுக்கு டயலொக் எழுதிறாக்கள் ஒருநாள் கொழும்பு புறக்கோட்டையில 100ஆம் நம்பர் பஸ்ஸில ஏறி, காலி வீதி முழுக்க பக்கத்து சீட்டில கதை எப்பிடிப் போகுது எண்டு கேட்டுக்கொண்டே போங்க. முழு வசனம் ஒருத்தரும் பேசமாட்டாங்க. "நீ எத்தின மணிக்கு வீட்ட வருவாய்" எண்டு யார் கேக்கிறது, "எத்தின மணிக்கு?" அவ்வளவுதான், மிச்சம் ரெண்டு பேருக்கும் தெரியும்.

"ம்", "ஆ", "ஓமோம்", "பிறகு?" இதெல்லாத்தையும் வெட்டி எறிஞ்சிடாதீங்க. போன்ல ஒருக்கா "ம்" போடாம இருந்து பாருங்க, கொஞ்சத்தில "ஹலோ, கேக்குதா?" எண்டு வரும். ஆனா எல்லா "ம்"மையும் எழுதினா படம் பாக்கிறவன் எழும்பிப் போயிடுவான், அதால முக்கியமான இடத்தில மட்டும் விடுங்க. "அது வந்து", "இப்ப என்னண்டா" எல்லாம் யோசிக்க நேரம் எடுக்கிறதுக்கு, அதோட நான் இன்னும் முடிக்கேல்ல குறுக்க வராத எண்டு சொல்றதுக்கும் தான்.

எனக்குப் பிடிச்சது மௌனம். ஓம்-இல்ல கேள்விக்குப் பதில் வர சராசரியா 200 மில்லிசெக்கன் அளவு தான் போகுதாம், 10 மொழியில பாத்து 2009ல வந்த ஆய்வு சொல்லுது. அதால பதில் கொஞ்சம் பிந்தினாலே விளங்கிடும். "நாளைக்கு வாறியா மச்சான்?" எண்டு கேக்க, "ஓம்" எண்டா டக்கெண்டு வரும். "நாளைக்கா... ம்ம்... பாப்பம்" எண்டா அவன் வரமாட்டான். இல்ல எண்ட சொல்லே தேவையில்ல, அந்த இடைவெளிய நடிகருக்கு எழுதிக் குடுங்க.

ஆளுக்கு ஆள் பேச்சு மாறும், அதையும் கவனிங்க. வெள்ளவத்தையில அம்மம்மாவோட "ஓம் அம்மம்மா" எண்டு கதைக்கிற அதே பிள்ளை ஒபீஸ்ல "அப்பிடித்தானே, நே?" எண்டு சிங்களத்தையும் ஒட்டிக்கொள்ளும்.

படத்தில எல்லாரும் பட்டெண்டு போன வைக்கிறாங்க, நிஜத்தில அது லேசில்ல. ஷெக்லொஃப், சாக்ஸ் எண்ட ரெண்டு சமூகவியலாளர்கள் 1973ல ஆக்கள் பேச்ச எப்பிடி முடிக்கிறாங்க எண்டதுக்கே தனிக் கட்டுரை எழுதியிருக்கிறாங்க. எங்கட ஆக்கள் இப்பிடி:

"சரி அப்ப."
"ஓம் சரி."
"அக்காவக் கேட்டதா சொல்லுங்கோ."
"சொல்றன் சொல்றன்."
"அப்ப வைக்கவா?"
"ஆ இஞ்ச, அந்தக் காசு விஷயம்..."

விஷயமே அங்கதான் தொடங்கும். உங்கட சீனையும் அங்க தொடங்குங்க.