நாடகமும் அரங்கியலும்: உயர்தர மாணவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரத்தில் கலைப்பிரிவுக்கு வரும் பிள்ளை மூன்றாவது பாடமாக எதை எடுக்கலாம் என்று கேட்டால், "நாடகத்தை எடு, லேசு" என்று சொல்வதற்கு எப்போதும் ஒருவர் இருக்கிறார். அதை நம்பித்தான் பலர் வந்து சேருகிறார்கள். ஆனால் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பது இசட் புள்ளி. ஒரு பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியிலிருந்தும் உங்கள் புள்ளி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையே அது காட்டும். பாடம் லேசென்றால் எல்லோருக்கும் லேசுதான், சராசரியும் கூடவே ஏறிவிடும். நாடகத்தில் ஆசை இருந்தால் எடுங்கள். மற்றவர்களை முந்த அந்த ஆசை ஒன்றுதான் உதவும்.

பல ஆண்டுகளாக மாணவர் விடைகளைத் திருத்துகிறேன். மிக அதிகமாகக் காண்பதும் என்னை மிகவும் வருத்துவதும் ஒன்றுதான்: நாடகப் பிரதியைக் கதைப் புத்தகமாக வாசிப்பது. கிரேக்க நாடகாசிரியர் சோபகிளிஸின் ஈடிப்பஸ் மன்னன் நாடகத்தைப் பற்றிக் கேட்டால் மூன்று பக்கத்துக்குக் கதைச் சுருக்கம் வரும். கடைசியில், "ஈடிப்பஸாக நடித்தவரின் முகபாவம் பார்வையாளரை உருக்கியது" என்று ஒரு வரி. கிரேக்க நடிகர் முகமூடி அணிந்திருந்தார் என்பதை அதே மாணவர் வேறொரு வினாவில் சரியாக எழுதியிருப்பார். இரண்டையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை. ஏதென்ஸின் மலைச்சரிவில், பகல் வெளிச்சத்தில், ஆயிரக்கணக்கானோர் முன்னால் மூன்றே நடிகர்கள் எல்லாப் பாத்திரங்களையும் மாறி மாறி ஏற்றார்கள். அங்கே பேசியது முகமல்ல. குரலும் உடலும் பாடகர் குழுவும்தான். ஈடிப்பஸ் தன் கண்களைக் குத்திக்கொள்வதுகூடப் பார்வையாளர் முன் நடப்பதில்லை. ஒருவன் உள்ளிருந்து வந்து நடந்ததைச் சொல்கிறான். அப்படியென்றால் அந்த இடத்தில் நாடகத்தின் முழுப் பாரமும் சொல்பவனின் குரலில் அல்லவா இருக்கிறது? இதை எழுதுங்கள். பிரதியை வாசிக்கும்போது பக்கத்தில் ஒரு வெறுந்தாளில் அரங்கை வரைந்து வைத்துக்கொண்டு, யார் எங்கிருந்து வருகிறார், எங்கே நிற்கிறார் என்று குறித்துக்கொண்டே போனால் கண் பழகிவிடும்.

கூத்திலும் இதே குறைதான். மட்டக்களப்புப் பிள்ளைகள்கூட, வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கூத்தாடும் களரி இருந்தும், கூத்தின் இரு வகைகளான வடமோடி தென்மோடி வேறுபாட்டை ரியூசன் குறிப்பிலிருந்து பாடமாக்குகிறார்கள். "நடிகர் பார்வையாளருக்கு முதுகு காட்டக் கூடாது" என்ற, சனம் முன்னால் மட்டும் இருக்கும் படச்சட்ட மேடையின் விதியை வட்டக்களரிக்கும் எழுதிவிடுகிறார்கள். சுற்றிவரச் சனம் இருக்கும் இடத்தில் யாருக்காவது முதுகு தெரிந்துதான் ஆகும். அதனால்தான் ஆடுபவர் களரியைச் சுற்றிச் சுற்றி வருகிறார். இதை ஒரு இரவு தரையில் இருந்து பார்த்தவர் மறக்கமாட்டார்.

கூத்து வரலாற்றை எழுதும்போது பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை உருவாக்கினார் என்பதுபோல எழுதுவது இன்னொரு பிழை. விடிய விடிய ஆடிய கூத்து ஊர்களில் இருந்துகொண்டேதான் இருந்தது. அவர் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு அதைச் சுருக்கி, செம்மைப்படுத்தி, படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். அப்படி அவர் தந்த கர்ணன் போர் 1962இல் மேடையேறியது. அதற்கு முன் 1956இல், அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எதிரிவீர சரச்சந்திர நாடகம என்ற சிங்கள மரபை வைத்து மனமே என்ற நாடகத்தைத் தந்திருந்தார். மேடை மாறியதால் ஆட்டத்துக்கு என்ன நேர்ந்தது, எது கிடைத்தது, எது போனது என்று கேட்டுப் பார்த்தால்தான் விடை உயிர் பெறும். ஆண்டை மட்டும் எழுதிவிட்டுப் போவதில் பயனில்லை.

ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் உணர்ச்சியையே வெறுத்தார் என்று எழுதாதீர்கள். பார்வையாளர் உணர்ச்சியில் கரைந்து சிந்திக்க மறந்துவிடக் கூடாது என்பதே அவருடைய கவலை. நால்வகை அபிநயத்தைக் கேட்டால் ஆங்கிகம் (உடல்), வாசிகம் (பேச்சு), ஆகார்யம் (வேட உடை), சாத்விகம் (உள்ளத்து உணர்வு) என்று பெயர்களை வரிசையாக எழுதினால் போதாது. ஒவ்வொன்றுக்கும் நீங்கள் கண்ட ஒரு காட்சியைச் சொல்லுங்கள்.

செயன்முறை வேலையில் எல்லோருக்கும் ராசா வேடம்தான் வேண்டும். வருகையை அறிவிக்கும் கட்டியகாரனாகவோ பின்னால் நின்று பாடும் பிற்பாட்டுக்காரராகவோ நிற்பவருக்கும், உடுப்புத் தைப்பவருக்கும் கற்க நிறைய இருக்கிறது. அடுத்தது, ஒத்திகைக் குறிப்பேட்டைப் பரீட்சைக்கு முதல் வாரத்தில் ஒரே பேனையால், ஒரே மூச்சில் எழுதி முடிப்பது. வாசிப்பவருக்கு அது உடனே தெரியும். ஒவ்வொரு நாளும் "ஒத்திகை சிறப்பாக நடந்தது" என்றே இருக்கும். ஒத்திகை சிறப்பாக நடக்காத நாளைத்தான் எழுத வேண்டும்: எந்த வசனத்தில் தடக்கியது, எந்த இடத்தில் இருவர் மோதிக்கொண்டார்கள், அடுத்த நாள் அதை எப்படி மாற்றினீர்கள் என்று. ஒத்திகை முடிந்து வீட்டுக்கு வந்ததும், குளிப்பதற்கு முன்னமே, ஐந்து வரி எழுதிவிடுங்கள்.

இந்த வருடம் பக்கத்து ஊரில் கூத்துப் பழகுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், அரங்கேற்றம் வரை காத்திருக்க வேண்டாம். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் கேட்டுவிட்டு, சதங்கை அணிவதற்கு முந்திய நாட்களிலேயே போய் ஒரு மூலையில் இருங்கள். தாளம் பிழைக்கும்போது அவர் மத்தளத்தை நிறுத்தி எப்படித் திருத்துகிறார் என்று பாருங்கள்.