தூங்கும் நேரத்துக்கும் கணக்கு உண்டு: 24 மணி நேரக் கார்பன் தடத்தில் நாம் செய்யும் தவறுகள்

இந்தியாவில் ஒருவர் பெயரில் விழும் கரியமில வாயு ஆண்டுக்குச் சுமார் 2 டன். நாளுக்கு ஐந்தரை கிலோ, மணிக்கு 230 கிராம். ஆலை, சிமென்ட், சாலை என்று நாட்டின் மொத்தத்தையும் தலைக்கு வகுத்த சராசரி இது. என்ன வாங்கினோம் என்பதை விட்டுவிட்டு, 24 மணி நேரத்தை எப்படிக் கழித்தோம் என்பதிலிருந்து இந்தத் தடத்தைப் பார்க்கும் முறை ஐரோப்பிய ஆய்வாளர்களிடையே வளர்ந்திருக்கிறது. நல்ல முறைதான். ஆனால் அதை அப்படியே தூக்கி ஒரு சென்னை வீட்டுக்கோ மதுரை வீட்டுக்கோ போட்டால் விடை கோணலாக வரும்.

முதல் கோணல் எண்களிலேயே தொடங்குகிறது. இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டுக் கணிப்பான்கள் தங்கள் நாட்டு மின்சாரத்தை வைத்துக் கணக்குப் போடுகின்றன. பிரிட்டனில் ஒரு யூனிட்டுக்கு 0.2 கிலோ அளவில்தான் கரியமில வாயு. நம் மின்சாரத்தில் நிலக்கரிதான் பெரும்பங்கு. மத்திய மின்சார ஆணையத்தின் அண்மைய வெளியீடுகளில் இது 0.71 முதல் 0.73 கிலோ. ஆகவே யூனிட்டுக்கு 0.72 என்று வைத்துக்கொள்ளலாம். பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ, டீசலுக்கு 2.7, வீட்டுக்கு வரும் 14.2 கிலோ கேஸ் சிலிண்டருக்குச் சுமார் 42 கிலோ. இந்த நான்கு எண்கள் போதும், பாதிக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிடலாம்.

தூக்கத்துக்குப் பூஜ்யம் போடுவது

2012இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்றில், மணிக்கு மணி ஒப்பிட்டால் ஆகக் குறைந்த கார்பன் ஆகும் நேரம் தூக்கமும் ஓய்வும்தான். அங்கே ஹீட்டரைத் தணித்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். சித்திரை, வைகாசியில் சென்னையில் இது தலைகீழ். 1.5 டன், 3 ஸ்டார் ஏசி எட்டு மணி நேரத்தில் 6 முதல் 8 யூனிட் இழுக்கும். 7 என்று வைத்தால் 5 கிலோ; அறையில் இருவர் படுத்தால் ஆளுக்கு இரண்டரை. பகல் முழுக்க ஓடியாடியதைவிடத் தூங்கியதற்குக் கூடுதலாகும் வீடுகள் உண்டு. அதே இரவு 75 வாட் பழைய மின்விசிறியோடு கழிந்தால் 430 கிராம், 30 வாட் பிஎல்டிசி (மின்சிக்கன மோட்டார்) விசிறி என்றால் 175 கிராமுக்குள்.

ஸ்டார் லேபிளில் இருக்கும் ஆண்டு யூனிட் எண்ணை 365ஆல் வகுப்பது அடுத்த பிழை. அந்த எண் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்டது. 1,600ஆல் வகுத்தால்தான் ஒரு மணி நேரச் செலவு கிடைக்கும். அதுவும் ஆண்டுச் சராசரி. மே மாதத்தில் எகிறும். இதைவிட நம்பகமான வழி மீட்டர்தான். படுக்கப்போகும்போது ஒரு ரீடிங், எழுந்ததும் ஒரு ரீடிங் எடுத்துக் கழியுங்கள். ஏசி போடாத ஓர் இரவிலும் இதையே செய்து, அதை இதிலிருந்து கழித்தால் மிஞ்சுவது ஏசி. எரிசக்தித் திறன் செயலகம் சொல்வதுபோல் ஒரு டிகிரி ஏற்றினால் 6 சதவீதம் அளவுக்கு மிச்சமாகும். 26இல் வைத்து விசிறியையும் ஓடவிட்டால் 22இன் சுகம் பெரும்பாலும் வந்துவிடும்.

ஏசி என்றாலே மின்சாரத்தோடு நிறுத்திவிடுகிறோம். உள்ளே இருக்கும் கேஸை யாரும் எழுதுவதில்லை. இன்றைய ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32. ஒரு கிலோ கசிந்தால் 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். சற்றுப் பழைய ஆர்-410ஏ என்றால் ஒரு கிலோவுக்கு 2 டன்னைத் தாண்டும். 1.5 டன் ஏசியில் 800 கிராம் ஆர்-32 இருந்து முழுக்கக் கசிந்தால் 540 கிலோ, அதாவது மேலே சொன்ன ஏசி இரவுகள் நூற்றுக்கு மேல். "கேஸ் குறைஞ்சிருக்கு, டாப்-அப் பண்ணிடலாம்" என்று ஆண்டுதோறும் மெக்கானிக் சொன்னால், கேஸ் தானாகத் தீராது, எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் பைப் சேரும் ஃபிளேர் நட்டில் இருக்கும், அல்லது கடற்கரைப் பகுதிகளில் உப்புக்காற்று அரித்த காயிலில் இருக்கும். நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்; சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். அடைத்த பிறகுதான் நிரப்ப வேண்டும். வீடு மாறும்போது 'பம்ப் டவுன்' செய்து கேஸ் முழுவதையும் வெளி யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டாமல் பைப்பைக் கழற்றினால் அவ்வளவும் காற்றில் போகும். கழற்றும் ஆள் அவசரப்படுவார். பக்கத்தில் நின்று கேட்டு வாங்க வேண்டிய வேலை இது.

செல்போனைத் திட்டித் தீர்ப்பது

அரை மணி நேரம் ஆன்லைனில் படம் பார்த்தால் 1.6 கிலோ என்று சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செய்தி உலகெங்கும் சுற்றியது. அதில் பிட்டையும் பைட்டையும் குழப்பிய எட்டு மடங்குப் பிழை இருந்தது. பன்னாட்டு எரிசக்தி முகமையின் 2020ஆம் ஆண்டுக் கணிப்பு, ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 36 கிராம். மற்ற மதிப்பீடுகளும் இதன் அருகில்தான். அதில் பெரும்பங்கு பார்க்கும் கருவியினுடையது. 43 அங்குல டிவி 90 வாட் எடுத்தால் நம் ஊரில் மணிக்கு 65 கிராம். போனில் பார்த்தால் அதுவும் இல்லை. படம் பார்க்கும் அறையில் ஏசி ஓடினால் 600, 700 கிராம் அதற்குத்தான். பழியை மட்டும் படம் சுமக்கிறது.

போனின் உண்மையான தடம் அதைச் செய்வதில் இருக்கிறது. ஒரு ஸ்மார்ட்போன் தயாரிப்பில் 50 முதல் 80 கிலோ வெளியாகிறது. 60 என்று கொண்டால், மூன்று ஆண்டு பயன்படுத்தினால் நாளுக்கு 55 கிராம், ஐந்து ஆண்டு என்றால் 33. தினமும் முழுசாகச் சார்ஜ் போட ஆவது 0.02 யூனிட், 15 கிராமுக்குள். திரை வெளிச்சத்தைக் குறைப்பதில் மெனக்கெடுவதற்குப் பதில் பேட்டரியை மாற்றி இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டினால் கணக்கில் தெரியும்.

பயணத்தை மணியால் அளப்பது

மணிக்கு எவ்வளவு என்ற அளவுகோல் ஒரேயடியாகக் கவிழ்ந்துபோகும் இடம் இது. 18 கிலோமீட்டர் தூரத்தைக் கார் நெரிசலில் ஊர்ந்து 75 நிமிடத்தில் கடக்கிறது; லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தால் 1.8 லிட்டர், 4.1 கிலோ. மணிக்கு 3.3 கிலோ. ஞாயிறு காலை அதே தூரம் அரை மணியில், லிட்டருக்கு 15 வீதம் 1.2 லிட்டர், 2.8 கிலோ. மணிக்கு ஐந்தரை கிலோ. மணிக்கணக்கில் பார்த்தால் நெரிசல் 'பசுமை' ஆகிவிடுகிறது! பயணத்துக்கு மட்டும் கிலோமீட்டரால் கணக்கிடுங்கள். லிட்டருக்கு 45 தரும் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 51 கிராம், பின்னால் ஒருவர் ஏறினால் ஆளுக்கு 26. நகரில் லிட்டருக்கு 12 தரும் கார் 190. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தரும் டீசல் பஸ்ஸில் 40 பேர் இருந்தால் ஆளுக்கு 17 கிராம். மின் ஸ்கூட்டர், சார்ஜில் வீணாவதையும் சேர்த்து, 25 அளவில் நிற்கிறது. பூஜ்யம் இல்லை, பெட்ரோலில் பாதி.

வீட்டிலிருந்து வேலை செய்தால் பயணம் மிச்சம், ஆகவே கார்பனும் மிச்சம் என்று எழுதுவதற்கு முன் எந்த வண்டி மிச்சம் என்று கேட்க வேண்டும். தினம் 20 கிலோமீட்டர் ஸ்கூட்டரில் போய்வந்தவர் மிச்சப்படுத்துவது ஒரு கிலோ. அவர் தனியாக ஓர் அறையில் எட்டு மணி நேரம் ஏசி போட்டால் ஏறத்தாழ 8 யூனிட், 5.8 கிலோ. நட்டம் நாலே முக்கால் கிலோ. நகருக்குள் 30 கிலோமீட்டர் கார் ஓட்டியவருக்கு ஏறக்குறைய சரிக்குச் சரி. அலுவலகத்து ஏசியோ அவர் வராவிட்டாலும் மற்றவர்களுக்காக ஓடிக்கொண்டுதான் இருக்கும். மார்கழியில் விசிறி மட்டும் போதும் என்ற நாளில் இதே கணக்கு வீட்டுக்குச் சாதகமாகத் திரும்பும்.

இலவசமானதை எழுதாமல் விடுவது

ஐரோப்பிய முறை, குடும்பச் செலவைப் பணத்தில் எடுத்து அதை நேரத்தோடு பொருத்துகிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், ரேஷன் அரிசி இலவசம், 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பணத்தை வைத்து எழுதினால் இவை எல்லாம் பூஜ்யம். அந்த 100 யூனிட்டுக்கு மட்டும் 72 கிலோ கரியமில வாயு. பில்லில் தொகையைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள்.

அடுப்படி யார் பெயரில்?

2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், தங்கள் வீட்டு வேலையைச் செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். அப்படிச் செய்யும் ஆண்கள் 97 நிமிடம். யார் எந்த வேலையில் இருந்தார்களோ அவர் பெயரில் கார்பனை எழுதினால் வீட்டின் கேஸ், மிக்ஸி, வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் எல்லாம் அம்மாவின் தலையில் ஏறும். சாம்பாரை நான்கு பேரும் சாப்பிட்டிருப்பார்கள். நேரத்தைச் செய்தவர் பெயரிலும், கார்பனை அனுபவித்தவர்கள் பெயரிலும் எழுதுவதே முறை.

அடுப்பில் எரிவதை மட்டும் சமையல் என்று கொள்வதும் பிழை. நான்கு பேர் வீட்டில் ஒரு சிலிண்டர் 45 நாள் வந்தால் நாளுக்கு ஒரு கிலோவுக்குள், ஆளுக்குக் கால் கிலோ. சோற்றில் அதைவிடக் கூடுதல் இருக்கிறது. தண்ணீர் நிற்கும் வயலில் மீத்தேன் வெளியாவதால், உலகச் சராசரியில் ஒரு கிலோ அரிசிக்கு 4 கிலோ அளவில் ஆகிறது. ஒருவர் நாளுக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால் 1.2 கிலோ. பால் லிட்டருக்கு 3 கிலோவைத் தாண்டும், பருப்பு கிலோவுக்கு ஒன்று, இரண்டு கிலோ, ஆட்டிறைச்சி அதன் பல மடங்கு. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது இடையிடையே காயவிட்டு, நீர் கட்டும் வயல்களில் மீத்தேன் குறைகிறது. ஆனால் கடையில் வாங்கும் மூட்டையில் அது எழுதியிருக்காது. சாப்பிடுகிறவர் கையில் இருப்பது மீந்த சோற்றைக் கொட்டாமல் இருப்பது. கொட்டிய சோறு சென்னையின் குப்பைக் கிடங்குகளான கொடுங்கையூரிலோ பெருங்குடியிலோ குப்பைக்கடியில் புதைந்தால் இன்னொரு முறை மீத்தேன் ஆகும்.

வெந்நீர்: 15 லிட்டர் கீசர் ஒரு முறை சூடேற அரை யூனிட்டுக்குள். 2 கிலோவாட் கீசருக்கு 15 நிமிடம் போதும். ஒரு மணி நேரம் முன்பே போட்டு வைப்பது வீண்.

ஒரே யூனிட்டை இருமுறை எழுதுவது

டிவி பார்த்துக்கொண்டே காய் நறுக்குகிறோம், பக்கத்தில் பிள்ளை படிக்கிறது, மேலே ஒரே விசிறி. மூன்று வேலைக்கும் அந்த விசிறியை எழுதினால் மூன்று விசிறியாகிவிடும். ஃபிரிட்ஜ், வைஃபை ரூட்டர், அணைக்காத செட்-டாப் பாக்ஸ் ஆகியவை எந்த வேலைக்கும் சொந்தமில்லை. 'பின்னணி' என்று தனி வரியில் போட்டு ஆட்களால் வகுத்துவிடுங்கள். தேசியக் கணக்கெடுப்பைப் போல அதிகாலை 4 முதல் மறுநாள் 4 வரை, அரை மணிக் கட்டங்களாகத் தாளைப் பிரிக்கலாம். கட்டத்துக்கு மூன்று பத்தி: என்ன செய்தோம், என்ன ஓடியது, அறையில் எத்தனை பேர். கடைசியில் ஈபி பில்லோடு ஒத்துப்பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வந்தால் 360 கிலோ; நான்கு பேர் வீட்டில் ஆளுக்கு, நாளுக்கு ஒன்றரை கிலோ. உங்கள் தாள் மின்சாரத்துக்கு மட்டும் ஆளுக்கு மூன்று கிலோ காட்டினால் தாள்தான் தப்பு.

ஒரு நாளை 365ஆல் பெருக்குவது

சாதாரணப் புதன்கிழமை ஒன்றை எடுத்துப் பெருக்கினால் ஏசி மாதங்கள் விட்டுப்போகும், ஞாயிறு பிரியாணி விட்டுப்போகும். கோடையில் ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு, மார்கழியில் அதேபோல் இரண்டு என நான்கு தாள் இருந்தால் ஓரளவு தேறும். எந்தத் தாளிலும் சிக்காதவை தனி. சென்னையிலிருந்து டில்லிக்கு விமானத்தில் போய்வந்தால் 3,500 கிலோமீட்டர், எரிபொருள் மட்டுமே ஆளுக்கு 300 கிலோவைத் தாண்டும். மூன்று மணி நேரத்துக்குள் முடியும் இரண்டு பயணங்கள் ஒரு சராசரி இந்தியரின் ஏறத்தாழ 55 நாள்களை விழுங்கிவிடுகின்றன. ரயிலில் இது சிறு பகுதிதான், நேரம் மட்டும் பல மடங்கு. விமானம், தீபாவளிக்கு ஊருக்குப் போன கார், நிரப்பிய ஏசி கேஸ், புதிதாக வாங்கிய போன் ஆகியவற்றை ஆண்டுத் தாள் ஒன்றில் எழுதி, கூட்டி, 365ஆல் வகுத்து வரும் எண்ணை நான்கு தாள்களின் அடியிலும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.