நீட் முடிவுக்குப் பிறகு: வட சென்னை மாணவர்களுக்கு

நீட் ரேங்க் வந்துவிட்டால் சீட் தானாக வராது. அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத இடங்களுக்கு மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு (எம்.சி.சி.), மீதி 85-க்குத் தமிழக மருத்துவத் தேர்வுக் குழு என்று தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. பலர் சறுக்குவது இங்கேதான். பத்தாவது வரை ராயபுரம், பிறகு வியாசர்பாடி என்றால் இரண்டு தலைமை ஆசிரியர்களிடமும் படிப்புச் சான்று வாங்க வேண்டும். சாதி, இருப்பிடச் சான்றுகளுக்கு முன்கூட்டியே இ-சேவை மையத்தில் பதிந்துவிடுங்கள். கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது.

கலந்தாய்வின் கல்லூரி விருப்பப் பட்டியலில், வீட்டுக்குப் பக்கம் என்று ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியை மட்டும் போடாதீர்கள், தயவுசெய்து. ஸ்டான்லி, எம்.எம்.சி. (சென்னை மருத்துவக் கல்லூரி), கீழ்ப்பாக்கம் எழுதிவிட்டு, திருவள்ளூர், செங்கல்பட்டு என்று கீழே இறங்கிக்கொண்டே போங்கள். பட்டியலை மேலிருந்துதான் பார்ப்பார்கள்.