316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 3டி பிரிண்டிங்: எந்த செட்டிங்கை மாற்றினால் எது மாறும்?

உலோகத் தூளை அடுக்கடுக்காகப் பரப்பி, லேசரால் உருக்கி பாகம் செய்யும் முறை இது. லேசர் திறன், அது ஓடும் வேகம், பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கு நடுவிலுள்ள தூரம், அடுக்கின் தடிமன் ஆகிய நான்கையும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: மெஷினோடு வந்த செட்டிங்கிலிருந்தே தொடங்குங்கள். உதாரணத்துக்குத் திறன் 200 வாட், வேகம் வினாடிக்கு 800 மி.மீ., கோடுகளின் தூரம் 0.1 மி.மீ., அடுக்கு 0.03 மி.மீ. என்று வைப்போம். திறனை மற்ற மூன்றின் பெருக்குத்தொகையால் வகுத்தால் கன மில்லிமீட்டருக்குச் சுமார் 83 ஜூல். இந்த எண்ணை மட்டும் நம்பி இறங்காதீர்கள். 100 வாட்டை 400 மி.மீ. வேகத்தில் ஓட்டினாலும் அதே 83தான். லேசர் படும் இடத்தில் உருகித் தேங்கும் உலோகக் குட்டையின் ஆழமோ வேறு.

படி 2: 10 மி.மீ. கனசதுரங்கள் சிலவற்றை அச்சிடுங்கள். வேகத்தை மட்டும் 500 முதல் 1200 வரை மாற்றுங்கள். மற்ற மூன்றையும் தொடவே வேண்டாம். தூளைக் கையாளும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

படி 3: ஒவ்வொன்றையும் காற்றிலும் தண்ணீரிலும் எடை போட்டு அடர்த்தி கணக்கிடுங்கள். துளையே இல்லாத 316எல் கன செ.மீ.க்குச் சுமார் 8 கிராம் இருக்கும். மேலே ஒட்டும் காற்றுக்குமிழி கணக்கைக் கெடுத்துவிடும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டால் சரியாகும்.

படி 4: குறுக்கே வெட்டி, பாலிஷ் செய்து மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். அடர்த்தி எண் சொல்லாததைத் துளையின் வடிவம் சொல்லிவிடும். கோணல்மாணலாக, உருகாத தூள் உள்ளே சிக்கியிருந்தால் வெப்பம் போதவில்லை: வேகத்தைக் குறையுங்கள் அல்லது கோடுகளை நெருக்குங்கள். உருண்டையாக, ஆழத்தில் இருந்தால் பெரும்பாலும் வெப்பம் மிஞ்சி உலோகம் ஆவியாகியிருக்கிறது: வேகத்தைக் கூட்டுங்கள். இரண்டில் கோணல் துளையே ஆபத்து அதிகம். அதன் கூர்முனையிலிருந்துதான் விரிசல் கிளம்பும்.

படி 5: நல்ல செட்டிங் கிடைத்ததும் இழுவைச் சோதனைக்குத் துண்டுகளைப் படுக்கையாகவும் நிமிர்த்தியும் அச்சிடுங்கள். நிமிர்த்தியவை பொதுவாகச் சற்று வலிமை குறைவாக வரும். அடுக்குகளைப் பிரிக்கும் திசையிலேயே இழுக்கிறோம் அல்லவா?

வேகமாகக் குளிர்வதால் ஒரு மைக்ரானுக்கும் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய, தேன்கூடு போன்ற அறைகள் உலோகத்தின் நுண்ணமைப்பில் உருவாகின்றன; இவை துளைகள் அல்ல. அதனால் அச்சிட்ட 316எல்லின் இளகு வலிமை (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அளவு) 450 மெகாபாஸ்கலைத் தாண்டுவது சகஜம். அனீல் செய்த (சூடாக்கி மென்மையாக்கிய) சாதாரணத் தகட்டுக்குக் கேட்கப்படும் குறைந்தபட்ச அளவு 170தான். பிரிண்ட் செய்தபின் 1050 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அந்த அறைகள் கலைந்து, வலிமையும் இறங்கிவிடும். வலிமைதான் தேவை என்றால், அச்சிடும்போது பாகத்துக்குள் தங்கிவிடும் இறுக்கத்தைத் தணிக்க அதைவிடக் குறைந்த வெப்பநிலையைத் தேர்ந்தெடுங்கள்.