இலங்கை மலையகத்தில் முதல் குறும்படம்: இயக்கப் போகும் மாணவருக்கு ஒரு செய்முறை

முதல் குறும்படம் எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது எந்த கேமரா வாங்கலாம் என்றுதான். கையில் இருக்கிற போனே போதும். உங்களிடம் உண்மையில் குறைவாக இருக்கப் போவது நேரம், அதுவும் அடுத்தவருடைய நேரம். காசு வாங்காமல் நடிக்க வருகிற பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) அக்கா, டியூஷனை விட்டுவிட்டு மைக் பிடிக்கிற நண்பன், இஸ்தோப்பை (வீட்டு முன்திண்ணையை) ஒரு நாள் விட்டுக்கொடுக்கிற குடும்பம், எல்லாரும் தருவது அதைத்தான். அதை வீணாக்காமல் படத்தை எடுத்து முடிப்பதே இயக்குநரின் வேலை. கீழே சொல்கிற ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

முதல் படி: நடந்து போகிற தூரத்துக்குள் ஒரு கதை

திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடப் படம். ஐந்து பக்கம் எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு மூன்று பாத்திரங்கள், இரண்டு இடங்கள். ஒரு காட்சி ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலும் அடுத்தது தோட்டத்து மேல் டிவிஷனிலும் நடந்தால் பஸ்ஸுக்குக் காத்திருந்தே அரை நாள் போய்விடும்.

மலையகம் என்றதும் வறுமை, லயம், அட்டைக்கடி, சம்பளப் பிரச்சினை எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும். அத்தனையும் உண்மைதான். ஆனாலும் ஒரு படத்துக்கு ஓர் ஆளும் அவருக்கு இருக்கிற ஓர் ஆசையும் போதும். உதாரணத்துக்கு: தேயிலைக் கொழுந்தெடுக்கும் ஓர் அம்மாயி (பாட்டி), மடுவத்தில் (கொழுந்து நிறுக்கிற கொட்டகையில்) நிறுத்த கிலோவைத் தானே கொப்பியில் எழுதி வைக்க ஆசைப்படுகிறார். இலக்கம் எழுதத் தெரியாது. பேத்தியிடம் பழகுகிறார். இவ்வளவுதான் கதை. அன்றைக்கு விழுந்தது முழுப் பேரா அரைப் பேரா (முழுநாள் சம்பளமா அரைநாள் சம்பளமா) என்ற கவலை இதற்குள்ளேயே இருக்கிறது, யாரும் வசனத்தில் விளக்கத் தேவையில்லை.

இரண்டாம் படி: அதே நேரத்தில் போய்ப் பாருங்கள்

காலை ஏழு மணிக் காட்சி என்றால் காலை ஏழு மணிக்கே அந்த இடத்தில் நில்லுங்கள். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, கோயில் ஒலிபெருக்கி எப்போது தொடங்குகிறது, கொழுந்து லொறி எத்தனை மணிக்கு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் ஆண்டு முழுக்க ஆறு, ஆறரை மணியோடு சூரியன் போய்விடும், மலைக்குப் பின்னால் இருக்கிற தோட்டங்களில் அதற்கும் முன்பே. அந்தி வெளிச்சம் அதிக நேரம் நிற்காது, அதை நம்பி நீளமான காட்சி எழுதாதீர்கள்.

மாதமும் முக்கியம். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டுக் கடைசியில்தான் மழை கூடும். மேற்குப் பக்கத்தில் படமெடுக்க ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஆனால் அது சிவனொளிபாதமலை யாத்திரை சீசனும்கூட. சனி ஞாயிறில் மஸ்கெலியா பாதையில் பஸ் நிரம்பி வழியும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்றாம் படி: அனுமதி

தோட்டத்துக்குள் எடுப்பதென்றால் தொரையிடம் (தோட்ட மேலாளரிடம்) எழுத்தில் கேளுங்கள். பாடசாலை அல்லது கல்லூரிக் கடிதம் இருந்தால் வேலை சுலபம். அதோடு முடிந்ததென்று நினைக்க வேண்டாம். தோட்டத் தலைவரிடம் (தொழிற்சங்கத் தலைவரிடம்) சொல்லுங்கள், பிறகு அந்தக் காம்பராவில் (லயத்து அறையில்) வாழ்கிறவர்களிடம் தனியாகக் கேளுங்கள். தங்கள் வீட்டின் ஒழுகுகிற மூலையை ஊரே பார்ப்பது அவர்களுக்கு எப்படியிருக்கும் என்று யோசித்துவிட்டுக் கேமராவை வையுங்கள். பிள்ளைகள் நடித்தால் பெற்றோரின் சம்மதம் கட்டாயம். வேலை நாளில் கொழுந்தெடுக்கிறவரை நிறுத்தி நடிக்கச் சொன்னால் அவருடைய பேர் பாதியாகலாம், ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகள் இருக்கின்றன, முதல் படத்துக்கு அது தேவையுமில்லை. ரயில் பாதையில் நடந்து எடுக்கிற ஷாட் வேண்டவே வேண்டாம். அது சட்டவிரோதம், உயிருக்கும் ஆபத்து.

நான்காம் படி: நடிப்பவரோடு வேலை

பயிற்சி இல்லாதவரிடம் "சோகமா இருங்க" என்று சொன்னால் அவர் சோகத்தை நடித்துக் காட்டுவார், பார்க்கவே முடியாது. அதற்குப் பதில் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். நம் அம்மாயி கதையையே எடுப்போம். இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறார், இடுப்பில் கட்டிய படங்கை (சாக்குத் துணியை) இன்னும் அவிழ்க்கவில்லை, மடியில் கொப்பி. "அம்மாயி, அஞ்சு எழுதிட்டு, சரியான்னு பேத்திகிட்ட கேளுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். கொழுந்துக் கறை படிந்த விரல்கள் பென்சிலை இறுக்கிப் பிடிக்கும், ஐந்தின் வயிறு எந்தப் பக்கம் வளையும் என்று தயங்கும், உதடு தானாக அசையும். உங்களுக்கு வேண்டிய முகம் அங்கே வந்துவிடும்.

வசனத்தை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். விஷயத்தைச் சொல்லிவிட்டு அவர் வீட்டில் பேசுகிற மாதிரியே பேச விடுங்கள். நகரத்துப் பிள்ளையைக் கொழுந்தெடுப்பவராக நடிக்க வைத்தால் கை காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு கையாலும் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போடுகிற வேகம் ஒரு நாள் பயிற்சியில் வராது. ஒரே ஷாட்டை மூன்று நான்கு தடவைக்கு மேல் எடுத்தால் முதலில் இருந்த உயிரும் போய்விடும். முடிந்ததும் உடனே "கட்" என்று கத்த வேண்டாம், ஐந்து விநாடி ஓடவிடுங்கள். நடித்து முடித்ததாக நினைத்து அவர் மூச்சு விடுகிற அந்தக் கணம் பல நேரம் படத்தில் சேரும்.

ஐந்தாம் படி: ஷாட் வரிசையும் மூடுபனியும்

மலையகத்தில் இயக்குநரை அதிகம் சோதிப்பது மூடுபனிதான். அம்மாயி பேசும்போது பின்னால் மலை தெரிகிறது. கேமராவைத் திருப்பிப் பேத்தியின் பதிலை எடுப்பதற்குள் எல்லாம் வெள்ளை. இரண்டையும் ஒட்டினால் இரண்டு வேறு நாள் போலிருக்கும்.

இதற்கு ஒரு வழி உண்டு. தூரத்துப் பின்னணி தெரிகிற அகல ஷாட்களை, வானிலை எப்படியிருந்தாலும், ஒரே மூச்சில் முதலில் எடுத்துவிடுங்கள். கிட்டத்து ஷாட்களுக்கு நடிகருக்குப் பின்னால் லயத்துச் சுவரோ தேயிலைச் சரிவோ வருகிற மாதிரி உட்கார வையுங்கள். நாலடி தூரத்துச் சுவரில் பனி வந்ததும் போனதும் அவ்வளவாகத் தெரியாது. வெளிக்காட்சிக்கு மழை பிடித்தால் எடுக்க ஓர் உள்காட்சியைத் தயாராக வைத்திருங்கள். ஆட்களைச் சும்மா உட்கார வைக்கக் கூடாது.

ஆறாம் படி: போன் அமைப்பும் ஒலியும்

இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். போன்கள் பெரும்பாலும் விநாடிக்கு 30 பிரேமில் எடுக்கும்படி வருவதால் டியூப்லைட்டின் கீழ் படம் துடிக்கலாம். 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். இதற்கு பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவசச் செயலிகள் உதவும். வெளிச்ச அளவையும் நிறச் சமநிலையையும் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பனி நகர நகர முகம் கறுத்து வெளுக்கும். குளிரிலிருந்து அடுப்பெரியும் குசினிக்குள் நுழைந்ததும் லென்ஸில் ஆவி படியும். துடைத்துத் துடைத்துப் பயனில்லை, சூட்டுக்குப் பழகும் வரை பொறுங்கள்.

படம் கொஞ்சம் மங்கினால் பார்க்கிறவர் பொறுப்பார், பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார். இன்னொரு போனில் காலர் மைக் மாட்டி நடிகரின் சட்டைக்குள் வைத்துத் தனியாகப் பதியுங்கள். ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் கேமரா முன் ஒரு கைதட்டு, பிறகு ஒலியைப் பொருத்த அதுதான் வழி. தகரக் கூரையில் மழை பெய்யும்போது வசனக் காட்சி வேண்டாம். யாரும் பேசாமல் ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் ஒலியை மட்டும் பதிந்துகொள்ளுங்கள், வெட்டுகளை மறைக்க உதவும்.

ஏழாம் படி: நண்பர்கள் குழு

கேமரா பிடிக்கிறவனுக்கும் ஒரு யோசனை இருக்கும், மைக் பிடிக்கிறவளுக்கும் இருக்கும். முந்தின நாள் மாலை தேத்தண்ணியோடு உட்கார்ந்து எல்லாரையும் பேச விடுங்கள். களத்தில் முடிவு ஒருவருடையது. அம்மாயி முன்னால் நின்று வாதாடினால் அவருக்குப் பயம் வந்துவிடும். உடை, தலைமுடி, கொப்பி எந்தப் பக்கத்தில் திறந்திருந்தது என்பதையெல்லாம் போனில் படம்பிடித்து வைக்க ஒருவரை நியமியுங்கள். சாப்பாட்டைச் சொன்ன நேரத்துக்குக் கொடுங்கள்.

எட்டாம் படி: வீட்டுக்கு வந்ததும்

தூங்குவதற்கு முன்பே எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் நகலெடுங்கள். எடிட்டிங்குக்கு கணினியில் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும். முதல் கோர்ப்பு (ஷாட்களை முதல் தடவை வரிசையாக ஒட்டிப் பார்ப்பது) எப்போதும் நீளமாகத்தான் வரும். எடுக்கக் கஷ்டப்பட்ட ஷாட் என்பதற்காக எதையும் வைக்காதீர்கள். பாட்டை நெட்டில் எடுத்துப் போடாமல், தப்பு மேளம் வாசிக்கத் தெரிந்த நண்பன் இருந்தால் அவனிடம் கேட்டுப் பதியுங்கள். கடைசியில் பெயர்ப் பட்டியல். இஸ்தோப்பைக் கொடுத்த குடும்பம் முதல் ரொட்டி சுட்டுத் தந்த அக்கா வரை ஒவ்வொருவரிடமும் தங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டு, எழுத்துப் பிழையில்லாமல் போடுங்கள்.