அலோய் ரிம்மில் பிரேக் தூசி: ஆசையாகத் தேய்த்துக் கெடுக்காதீர்கள்

கண்டிக்குப் போய் வந்த மறுநாள் காலை மச்சான் முற்றத்தில் குந்தியிருந்தார். கையில் சட்டி கழுவுகிற கம்பி நார், பக்கத்தில் சவர்க்காரத்தூள் கரைத்த வாளி. முன் ரிம் இரண்டும் கரிச்சட்டி மாதிரி இருந்தன. "கொஞ்சம் அமத்தித் தேய்ச்சா போயிடும்" என்றார். போனதுதான். கறுப்போடு சேர்ந்து மினுக்கமும் போனது. இன்றைக்கும் அந்தக் காரை வெயிலில் நிறுத்திப் பார்த்தால் ரிம் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல் தெரியும்.

மச்சான் வாகனத்தைப் பிள்ளை மாதிரிப் பார்ப்பவர். திருகோணமலையில் நான் பார்த்தவரை, ரிம்மைக் கெடுத்துக்கொண்டவர்களில் பலர் அந்த வகைதான். கழுவாமல் விட்டவரின் ரிம் மெல்ல மெல்லத்தான் கெடும். ஆர்வக்கோளாறில் கழுவியவரின் ரிம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கெட்டுவிடும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மறுபடி திறந்தார்கள். அதனால் நம்மில் பலர் ஓட்டுவது பத்துப் பன்னிரண்டு வயதான ஜப்பான் கார்கள். அதன் ஒறிஜினல் ரிம் ஒன்று போனால் அதே மாதிரி இன்னொன்று தேடி அலைவது சின்ன வேலை இல்லை.

முதல் தவறு கையில் இல்லை, நினைப்பில் இருக்கிறது. பிரேக் தூசியைச் சேறு மாதிரி ஒரு அழுக்கு என்று நினைக்கிறோம். சக்கரத்தோடு சுற்றுகிற தட்டான பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பு. அதை இறுக்கிப் பிடிக்கிற பாட் பிசின், கார்பன், உலோக நார் எல்லாம் கலந்து அமுக்கியது. பிரேக் அடிக்கும்போது இரண்டும் தேய்கின்றன. தேய்ந்து பறக்கிற துகளில் இரும்பு நிறைய இருக்கிறது, அதுவும் சுடச்சுடப் பறக்கிறது. ரிம்மின் மேலே கண்ணாடி மாதிரி ஒரு லாக்கர் பூச்சு இருக்கிறதே, அதில் போய்க் குத்தி ஒட்டிக்கொள்கிறது. இரவில் பனி, காற்றில் உப்பு, அப்புறம் என்ன, துரு. துருப்பிடித்த துகள் ஊதிப் பெருத்து இன்னும் இறுக உட்காரும். ரிம்மைக் கழுவிய பிறகும் செம்மஞ்சள் நிறத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிவது அதுதான். நம்பிக்கை இல்லையென்றால் காய்ந்த தூசியைக் கொஞ்சம் ஒரு வெள்ளைத்தாளில் தட்டி, தாளுக்குக் கீழே காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். தூசி பின்னாலேயே ஊர்ந்து வரும்.

அப்படியென்றால் தேய்ப்பது என்றால் என்ன? லாக்கருக்கு மேலே இரும்பு அரத்தூளைப் போட்டு உரசுவது. கீறுவதற்குக் கம்பி நார்தான் வேண்டும் என்றில்லை, பாத்திரம் தேய்க்கிற பச்சைப் பஞ்சு போதும், வெறும் பழந்துணிகூடப் போதும். லாக்கர் கீறினால் அழகு மட்டும் போவதில்லை. கீறல் அடியில் இருக்கிற அலுமினியம் வரை இறங்கிவிட்டால் அந்த வழியாக உப்பு ஈரம் உள்ளே போகும். கொஞ்ச நாளில் லாக்கருக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளைக் கோடுகள் ஓடத் தொடங்கும். அந்த நிலைக்கு வந்த ரிம்மை எந்தப் போத்தலாலும் கழுவித் திருத்த முடியாது. உரித்து, மறுபடி பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும். ஒருபக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல் என்று இருக்கிற நமது ஊரில் இது கடலுக்குத் தள்ளி உள்ளே இருக்கிற ஊர்களில் ஓடும் கார்களை விட விரைவாக நடக்கிறது என்று தம்புள்ளையிலிருந்து வருகிற உறவினர்களின் ரிம்மைப் பார்த்தாலே விளங்கும்.

அடுத்தது அமிலம். இதை நானே செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். மலசலகூடம் கழுவுகிற திரவத்தை ஊற்றினால் ரிம் பளிச்சென்று வரும் என்று யாரோ சொன்னார்கள். வந்தது உண்மைதான். துருப்புள்ளி எல்லாம் கண்முன்னே கரைந்தது. எனக்கு ஒரே புளுகம். நாலு ரிம்முக்கும் ஊற்றினேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், ரிம்மின் முன்முகத்தைக் கடைந்து மினுக்கிய பகுதி முழுக்கப் பால் தெளித்த மாதிரி மங்கல். வீல் நட்டுகள் சிவந்து போயிருந்தன. டிஸ்கின் நடுப்பகுதியும் அப்படித்தான். அந்தத் திரவங்களில் பல ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்தவை. அமிலத்துக்குப் பிரேக் தூசி இரும்பு, நட்டு இரும்பு, டிஸ்க் இரும்பு என்று வித்தியாசம் தெரியாது. லாக்கர் எங்கே வெடித்திருக்கிறதோ அங்கே அலுமினியத்தையும் தின்னும்.

சரி, அமிலம்தானே கூடாது, காரம் போடலாமே என்பார்கள். உயர்தரத்தில் இரசாயனம் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், அலுமினியம் ஈரியல்புள்ளது. அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். எஞ்சின் கழுவுகிற கடுமையான கிரீஸ் நீக்கி, அடைப்பெடுக்கிற கோஸ்டிக் சோடா எதுவும் ரிம் பக்கம் வரக்கூடாது. தேசிக்காய், வினாகிரி, பழப்புளி என்று குசினி வைத்தியமும் உண்டு. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி சரி. ரிம்முக்கு அது பெரிய கேடு செய்யாவிட்டாலும், இறுகிய இரும்பை எடுக்கிற பலமும் அதற்கில்லை. பலன் வரவில்லையே என்று நாம் அழுத்தித் தேய்க்கத் தொடங்குவோம், கதை மறுபடி கம்பி நாருக்கே வந்து சேரும்.

சில வாகனக் கழுவுமிடங்களில் லேபல் இல்லாத கான்களில் ஒரு திரவம் வைத்திருப்பார்கள். அடித்த கையோடு நுரைத்துப் புகைந்தால் அது அமிலம் என்று எடுத்துக்கொண்டு, என்ன போடுகிறீர்கள் என்று கேளுங்கள். புளோரைட் கலந்த ரிம் கிளீனர்கள் உலகத்தில் விற்கப்படுகின்றன. அவற்றின் ஆபத்து ரிம்மோடு நிற்பதில்லை. அவற்றில் இருக்கக்கூடிய ஹைட்ரோபுளோரிக் அமிலம் தோலுக்குள் இறங்கி உடம்பின் கல்சியத்தைப் பிடிக்கும். பட்டவுடன் வலி தெரியாமலும் இருக்கலாம், மணித்தியாலங்கள் கழித்துத்தான் தெரியும். அந்தப் பெடியன்கள் கையுறை இல்லாமல் நிற்பதைப் பார்க்கும்போது ரிம் கவலை எனக்கு இரண்டாவதாகத்தான் வருகிறது.

அதே இடத்தில் நடக்கிற இன்னொரு கூத்து மண்ணெண்ணெய் அல்லது டீசல் அடிப்பது. அடிப்பாகத்துக்கு அடிக்கிறோம் என்று தொடங்கி, "ரிம்முக்கும் கொஞ்சம் போடட்டா அண்ணா?" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எண்ணெய் டிஸ்கில் பட்டு பாட்டுக்குள் ஊறினால் பிரேக் பிடிக்காது. நமது ஊரில் வீதி நடுவே மான் வந்து நிற்கும், மாடும் வந்து நிற்கும். பிரேக்கை நம்பித்தான் ஓட வேண்டியிருக்கிறது. டயர் கறுப்பாக மினுங்க அடிக்கிற ஸ்பிரேயும் அப்படித்தான். அதை டயர் மேல் நேராக அடிக்காமல் ஒரு பஞ்சில் அடித்துப் பூசுங்கள்.

இப்போது சூடு. வைகாசி, ஆனியில் கச்சான் அடிக்கிற நாட்களில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கார் கழுவுவது பாவம் என்றே சொல்வேன். நிலாவெளியிலிருந்து ஓடி வந்து நிறுத்தியதும் ரிம்மில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் எந்தக் கிளீனரை அடித்தாலும் ஒரு நிமிடத்தில் காய்ந்து, ஒழுகிய தடம் அப்படியே கறையாகப் பதிந்துவிடும். கொதிக்கிற டிஸ்கில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் நல்லதல்ல. காலை ஆறரை மணி, வேப்பமர நிழல், தொட்டால் குளிர்ந்திருக்கிற ரிம். இதற்கு மேல் ஒரு ஏற்பாடும் தேவையில்லை.

சரியான மருந்து கடையில் இருக்கிறது. இரும்பு நீக்கி என்று தனியாக விற்கிற ஸ்பிரே. பெரும்பாலும் அதன் மூலப்பொருள் தயோகிளைகோலேட் உப்பு. அது இரும்போடு சேரும்போது ஊதா நிறமாகும். அடித்துக் கொஞ்ச நேரத்தில் ரிம்மிலிருந்து பீற்றூட் அவித்த தண்ணீர் மாதிரி வடியும், பார்க்கவே ஒரு திருப்தி. மணம்தான் தாங்காது, கூழ்முட்டை மணம். முடி நீக்குகிற கிரீமிலும் இதே குடும்பத்து மருந்துதான் என்பதால் அந்த மணம் சிலருக்கு உடனே பிடிபடும். முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டிருந்தால் முதலில் அதை எடுத்து வையுங்கள், வீட்டில் சண்டை வராது.

மருந்து சரியாக இருந்தும் பலன் இல்லை என்பவர்கள் பெரும்பாலும் மூன்று இடத்தில் பிழை விடுகிறார்கள். சேறும் மணலும் இருக்கும்போதே அடிக்கிறார்கள். அது சேற்றில் ஊறி வீணாகும். முதலில் தண்ணீரால் அடித்து, கார் ஷாம்பு போட்டுக் கழுவி, ஈரத்தை ஓரளவு ஒற்றி எடுத்த பிறகுதான் மருந்து. அடுத்தது அவசரம். ஊதா தெரிந்தவுடன் கழுவிவிடுகிறார்கள். போத்தலில் போட்டிருக்கிற நேரம் வரை, வழக்கமாக மூன்று முதல் ஐந்து நிமிடம், அப்படியே விடுங்கள். அந்த நேரத்தில் மென்மையான தூரிகையால் தடவிக் கொடுங்கள். நட்டுக் குழிகளுக்குப் பழைய பெயின்ட் பிரஷ் நல்லது. மூன்றாவது, விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவது. காய விடக்கூடாது. காயப் போகிறது என்று தெரிந்தால் உடனே கழுவி, பிறகு இரண்டாம் தரம் அடியுங்கள். வருடக்கணக்காக இறுகியது ஒரே தரத்தில் வராது. இரண்டு, மூன்று சுற்றுப் போகலாம். கையுறை போடுங்கள். உங்கள் ரிம் லாக்கர் இல்லாத வெறும் பொலிஷ் ரிம்மோ குரோம் ரிம்மோ என்றால், போத்தலில் அதற்கு ஏற்றது என்று இருக்கிறதா என்று வாசித்து, பின்பக்கத்தில் ஒரு மூலையில் போட்டுப் பார்த்த பிறகு முன்னுக்கு வாருங்கள்.

எத்தனை தரம் அடித்தும் ஊதாவாகாத கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது இரும்பு இல்லை, தார். புதிதாகக் கார்பட் போட்ட வீதியில் ஓடியிருப்பீர்கள். அதற்குத் தார் நீக்கி வேறு. ஊதா மருந்தை இன்னும் ஊற்றுவதில் பயனில்லை.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. ரிம்முக்குப் பாவித்த வாளியும் பஞ்சும் ரிம்முக்கு மட்டும்தான். அதே பஞ்சைப் பிறகு பொனட்டில் வைத்தால் இரும்புத்தூளால் பொனட்டைத் தேய்த்த மாதிரி. காய்ந்த தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், அது மூச்சுக்குள் போகக்கூடாத பொருள். முதலில் நனைத்துவிட்டு வேலை செய்யுங்கள். பிரஷர் வோஷரை ஓர் அடிக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். ரிம்மின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிற பலன்ஸ் ஈயத்துண்டு பறந்தால், அடுத்த நாள் ஸ்டியரிங் நடுங்கும்போதுதான் தெரியும்.

கிணற்றுத் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. கரையோரம் பல வீடுகளில் கிணறு உவர்ப்புத்தான். அதில் கழுவி வெயிலில் காய விட்டால் ரிம் முழுக்க வெள்ளைப் பொட்டு. கடைசி ஒரு வாளியாவது குழாய்த் தண்ணீராக இருக்கட்டும். முடித்ததும் துவாயால் துடைத்துவிடுங்கள். துடைத்த பிறகு காரை அப்படியே நிறுத்தி வைக்காமல், ஒழுங்கையில் ஒரு சுற்று ஓடி, மெல்ல மெல்லப் பிரேக் அழுத்தி டிஸ்கைக் காய வையுங்கள். இல்லையென்றால் காலையில் டிஸ்க் செம்மண் நிறத்தில் இருக்கும்.

சுத்தமான ரிம்முக்கு மெழுகோ ரிம்முக்கென்று வருகிற சீலன்ட்டோ பூசிவிட்டால் அடுத்த தரம் பாதி வேலை குறையும். பூச்சு இருக்கிற ரிம்மில் தூசி குத்தி உட்காரக் கஷ்டப்படும், வாரத்துக்கு ஒருமுறை வெறும் ஷாம்புத் தண்ணீரே போதும். மலைநாட்டுக்குப் போனால் இறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்திருக்காமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். ரம்பொடை இறக்கத்தை முழுக்கப் பிரேக்கில் இறங்கி வந்த காரின் முன் ரிம்மை யாரும் சொல்லாமலே அடையாளம் கண்டுபிடிக்கலாம். ஹைபிரிட் கார்க்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு. மோட்டரே வேகத்தைப் பிடித்து பற்றரிக்கு ஏற்றிக்கொள்வதால் பாட் அவ்வளவாகத் தேய்வதில்லை.

முன் ரிம் இரண்டும் பின் ரிம்மை விட அதிகம் கறுப்பது இயல்பு. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். ஆனால் முன்னுக்கே ஒரு பக்கம் மட்டும் கூடக் கறுத்தால் கழுவிவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். என் காரில் இடது முன் ரிம் மட்டும் மூன்றே நாளில் கரியாகும். நானும் ஊதா மருந்தை வாங்கி வாங்கி அதற்கே ஊற்றிக்கொண்டிருந்தேன், பாதிச் செலவு அந்த ஒரு சக்கரத்துக்குத்தான். ஒருநாள் கராஜில் பாஸ் ரிம்மைக் கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது கழுவிற வருத்தம் இல்லை தம்பி" என்று சக்கரத்தைக் கழற்றினார். பாட்டை டிஸ்கில் அமுக்குகிற கேலிப்பர் சறுக்கி நகர்கிற பின் உப்பில் இறுகி, பாட் டிஸ்கை விடாமல் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. பாட் காசுத்தாள் மாதிரி மெலிந்து போயிருந்தது. பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டு, புதுப் பாட் மாட்டினார். இப்போது இடதும் வலதும் ஒரே அளவில்தான் கறுக்கின்றன, போத்தலும் மூன்று மாதம் வருகிறது.