குடும்ப வரலாற்றை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கொள்ளுத் தாத்தாவின் பெயருக்கு அப்பால் போக விரும்புவோர், எடுத்த எடுப்பில் இணையத்தில் வம்சாவளி மென்பொருளைத் தேட வேண்டியதில்லை. பரணில் கிடக்கும் தகரப்பெட்டியை இறக்கினாலே பாதி வேலைக்கு வழி பிறந்துவிடும்.

படி 1: வீட்டில் இருப்பதைத் திரட்டுங்கள்

கல்யாணப் பத்திரிகைகள், ஜாதகங்கள், மொய் நோட்டுகள், நிலப் பத்திரங்கள் ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து, எது யாரிடமிருந்து கிடைத்தது என்பதையும் உடனே குறித்துவையுங்கள். பெரியவர்களிடம் பிறந்த ஆண்டைக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. தனுஷ்கோடியைக் கடல் கொண்ட 1964 புயலின்போது அத்தைக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா என்று கேட்டால் வரும்.

படி 2: தமிழ் ஆண்டை ஆங்கில ஆண்டாக்குங்கள்

ஜாதகத்தில் ‘தாது வருஷம் தை மாதம்’ என்று இருப்பதாகக் கொள்வோம். பஞ்சத்தால் பேர்பெற்ற தாது வருஷம் 1876 ஏப்ரலில் பிறந்தது. தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் அடுத்த தாது 1936. ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் அதன் தை மாதம் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். ஆகவே பிறப்பு 1877 அல்லது 1937. இரண்டில் எது என்பதைப் பிள்ளைகளின் வயதை வைத்து முடிவு செய்யலாம்.

படி 3: பத்திரங்களைப் பின்னோக்கிப் படியுங்கள்

எனக்குத் தெரிந்தவரை, நிலம் வைத்திருந்த குடும்பங்களுக்கு இதைவிட வளமான ஆதாரம் இல்லை. ‘இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார் எழுதிக்கொடுத்த கிரய சாசனம்’ என்ற ஒற்றை வரியிலேயே ஊரும் இரண்டு தலைமுறையும் கிடைத்துவிடும். சொத்து தமக்கு எப்படி வந்தது என்று எழுதிக்கொடுப்பவர் சொல்லும் பகுதியைத் தவறவிடாதீர்கள். முந்தைய பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் அங்கேதான் இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அது பெரும் யோகம்: அண்ணன் தம்பிகள் அனைவரும், மைனர் பிள்ளைகளும், அவர்களுக்குக் கார்டியனாக நின்ற தாயும் ஒரே இடத்தில் அகப்படுவார்கள்.

வீட்டில் பத்திரம் இல்லையென்றால் சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று போடுங்கள். 1975-க்குப் பிந்தைய பதிவுகளைப் பெரும்பாலும் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். அதற்கும் முன்னால், இனாம் நிலமாக (வரியின்றியோ குறைந்த வரியிலோ மானியமாக விடப்பட்ட நிலமாக) இருந்திருந்தால், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் இனாம் பதிவேடுகள் உதவலாம்.

படி 4: பெண்களைத் தனியாகத் தேடுங்கள்

சொத்து ஆவணங்களை மட்டும் நம்பினால், பெண்களே பிறக்காத குடும்பம் போன்ற ஒரு மரம்தான் உருவாகும். தமிழ்நாட்டில் 1989 சட்டத் திருத்தம் வரை இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்கள் பிறப்பால் பங்காளிகள் அல்லர் என்பதால், பாகப்பிரிவினைகளில் அவர்கள் பெயர் பெரும்பாலும் வராது. குலதெய்வக் கோவிலின் தலைக்கட்டு வரிப் பட்டியலும் அப்படித்தான்; அது பங்காளிகளின் பட்டியல். இந்தக் குறையைத் தீர்ப்பது மொய் நோட்டு. தொகையோடு ஊர்ப்பெயரையும் எழுதும் வழக்கம் இருப்பதால், எந்த ஊரிலிருந்து அதிக மொய் வந்திருக்கிறதோ அங்கே கொள்வினை கொடுப்பினை இருந்திருக்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கலாம். பாட்டியின் பிறந்த வீட்டுக் குலதெய்வம் எது என்பதையும் மறக்காமல் கேளுங்கள்; அவருடைய அண்ணன் தம்பி வழியினரை அந்தக் கோவிலில்தான் கண்டுபிடிக்க முடியும்.

படி 5: கடல் கடந்தவர்கள் இருந்தால்

ஒப்பந்தக் கூலிகளாக 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்களுக்குக் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. மொரீஷியஸ் சென்றவர்களின் பதிவேடுகள் அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. இவற்றில் தகப்பன் பெயர், வயது, ஊர் போன்ற விவரங்களைக் காணலாம். ஆனால் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் என்பதால், ஒரு முருகாயி பல எழுத்துக்கூட்டல்களில் வருவார். பெயரைக் கொண்டு மட்டும் தேடாமல் தகப்பன் பெயர், தாலுகா, வயது மூன்றையும் சேர்த்துப் பொருத்திப் பாருங்கள்.